உட்பொதி ஸ்கிரிப்ட் மொழிகளும் உரிமத் தேர்வும்: லூவாவின் வரலாறு

ஒரு பெரிய மென்பொருளுக்குள் அமர்ந்து, அதன் போக்கைப் பயனர்களே மாற்றி எழுத வழிசெய்யும் சிறிய நிரல்மொழி உட்பொதி ஸ்கிரிப்ட் மொழி எனப்படும். லூவா, டிசிஎல், கைல், எம்ரூபி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பைத்தான் மொழியும் இப்படிப் பயன்படுத்தப்படுவதுண்டு. இம்மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது வேகம், அளவு, எளிமை ஆகியவற்றோடு அம்மொழி எந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுள்ளது என்பதும் பார்க்கப்படுகிறது. பிரேசில் நாட்டில் 1993இல் உருவான லூவாவின் வரலாறு, உரிமம் ஒரு மொழியின் வளர்ச்சியை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதற்கு நல்ல சான்றாகும்.

தமிழ் வாசகர்கள் இம்மொழியைப் பெயர் தெரியாமலேயே அன்றாடம் பயன்படுத்தி வருகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் சென்னையின் மேற்குப் புறநகரான பட்டாபிராம் போன்ற ஓர் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால், அவ்வூரின் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவை பாகை, கலை, விகலையாக மாற்றி எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அந்தக் கணக்கைச் செய்து தருவது விக்கிப்பீடியாவின் மென்பொருளுக்குள் உட்பொதிக்கப்பட்டுள்ள லூவா மொழிதான்.

உட்பொதித்தல் என்பதன் பொருள்

ஒரு நிரல்மொழியைக் கணினியில் தனியாக நிறுவிப் பயன்படுத்துவது ஒரு வகை. பள்ளி ஆய்வகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பைத்தானைத் திறந்து நிரல் எழுதுவது இவ்வகை. அங்கே மாணவர் எழுதிய நிரல் வேறு, அதை இயக்கும் பைத்தான் வேறு. பைத்தானின் உரிமம் மாணவரின் நிரலைக் கட்டுப்படுத்துவதில்லை.

உட்பொதித்தல் வேறு வகை. இங்கே மொழியை இயக்கும் நிரல் முழுவதும் இன்னொரு மென்பொருளின் ஓர் உறுப்பாகவே சேர்க்கப்படுகிறது. ஒரு விளையாட்டு மென்பொருளை உருவாக்கும் நிறுவனம் லூவாவின் மூலநிரல் கோப்புகளைத் தன் கோப்புகளோடு சேர்த்துத் தொகுத்து, ஒரே இயங்கு கோப்பாக விற்கிறது. வாங்குபவரின் கையில் இருப்பது ஒரே பொருள். அதற்குள் இரு வேறு ஆசிரியர்களின் படைப்பும், ஆகவே இரு வேறு உரிமங்களும் உள்ளன. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த மென்பொருளை வெளியிடுவதே சட்டச் சிக்கலாகிவிடும்.

ஒரு மென்பொருளை வேறொரு மொழிக்கு மாற்றுவதும் எளிதன்று. அதற்குள் அமர்ந்த மொழியில் ஆயிரக்கணக்கானோர் துணை நிரல்களை எழுதிய பிறகு, உரிமம் பொருந்தவில்லை என்று மொழியை மாற்றினால் அத்தனை பேரின் உழைப்பும் வீணாகும். உரிமத்தை முதலிலேயே படிக்க வேண்டும் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

மூன்று வகை உரிமங்கள்

திறமூல உரிமங்களை இத்தேர்வுக்காக மூன்று வகைகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, தளர்வான உரிமங்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் உருவான எம்ஐடி உரிமம், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பிஎஸ்டி உரிமம் ஆகியவை இவ்வகை. எம்ஐடி உரிமம் மூன்று சிறு பத்திகளில் முடிந்துவிடும். பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், மாற்றலாம், பிறவற்றோடு இணைக்கலாம், வெளியிடலாம், விற்கலாம். கட்டுப்பாடு ஒன்றே: பதிப்புரிமைக் குறிப்பையும் அனுமதிக் குறிப்பையும் நீக்காமல் உடன் வைக்க வேண்டும். மென்பொருளால் ஏதேனும் இழப்பு நேர்ந்தால் ஆசிரியர் பொறுப்பல்லர் என்ற அறிவிப்பும் அதில் இருக்கும்.

இரண்டாவது, அளிப்புரிமை உரிமங்கள். ரிச்சர்டு ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட குனு பொது உரிமம், அதாவது ஜிபிஎல், இவற்றுள் முதன்மையானது. அதன் இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வந்தன. இந்த உரிமத்தில் உள்ள நிரலைத் தன் மென்பொருளில் இணைத்து மற்றவர்களுக்கு வழங்குபவர், அந்த முழு மென்பொருளின் மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ் வழங்க வேண்டும். பெற்ற உரிமையை அடுத்தவருக்கும் அளிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

மூன்றாவது, இரண்டுக்கும் இடைப்பட்டவை. 1991இல் வந்த எல்ஜிபிஎல் இவ்வகை. இவ்வுரிமத்தில் உள்ள நிரலகத்தை மூடிய மென்பொருளிலும் சேர்க்கலாம். ஆனால் நிரலகத்தில் செய்த மாற்றங்களைத் திறந்து காட்ட வேண்டும். பயனர் அந்த நிரலகத்தின் புதிய பதிப்பை மாற்றிப் பொருத்திக்கொள்ளவும் வழி வைக்க வேண்டும். நிரலகம் தனிக் கோப்பாக இருக்கும் கணினிகளில் இது எளிது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தொகுத்துப் பூட்டிவிடும் விளையாட்டுக் கருவிகளிலும் சிறு மின்னணுச் சாதனங்களிலும் இந்த நிபந்தனையை நிறைவேற்றுவது கடினம்.

இணைத்தல் என்ற ஒரு செயல் எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு 1992ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிச் செயலியின் ஆசிரியர்களுள் ஒருவரான புருனோ ஹைபிள், தட்டச்சு வரிகளைத் திருத்த உதவும் ரீட்லைன் என்ற சிறு நிரலகத்தை அதில் சேர்த்திருந்தார். ரீட்லைன் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. இது குறித்து அவருக்கும் ஸ்டால்மனுக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. முடிவில் சிலிஸ்ப் முழுவதுமே ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு சிறு நிரலகம் ஒரு மொழியின் உரிமத்தையே மாற்றிவிட்டது.

லூவாவின் பிறப்பு

பிரேசில் அரசு 1977 முதல் 1992 வரை கணினி வன்பொருளையும் மென்பொருளையும் வெளிநாட்டிலிருந்து வாங்குவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்திருந்தது. உள்நாட்டிலேயே அவற்றை உருவாக்க வேண்டும் என்பது அக்கொள்கையின் நோக்கம். அதே காலகட்டத்தில் இந்தியாவும் தற்சார்புக் கொள்கையைப் பின்பற்றியது. 1978இல் ஐபிஎம் நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது இதையொட்டியே.

ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் டெக்கிராஃப் என்ற கணினி வரைகலைக் குழு இயங்கி வந்தது. பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ் அதன் முக்கிய வாடிக்கையாளர்களுள் ஒன்று. பொறியாளர்கள் தரவுகளை உள்ளிடவும் அறிக்கைகளை வடிவமைக்கவும் டெல், சோல் என்ற இரு சிறு மொழிகளை இக்குழு உருவாக்கியிருந்தது. 1993இல் ரொபெர்ட்டோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கி டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவரும் கூடி, இரண்டையும் ஒன்றாக்கிப் புது மொழி ஒன்றை உருவாக்குவது என முடிவு செய்தனர். போர்த்துக்கீசிய மொழியில் சோல் என்றால் ஞாயிறு. ஆகவே புது மொழிக்கு லூவா, அதாவது நிலா, என்று பெயர் வைத்தனர்.

அப்போதிருந்த பிற மொழிகளையும் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லியில் உருவாக்கிய டிசிஎல், பிற மென்பொருள்களுக்குள் உட்பொதிப்பதற்கென்றே எழுதப்பட்டது. ஆனால் அதன் இலக்கணம் பழக்கமற்றதாக இருந்தது. அன்று அது யுனிக்ஸ் கணினிகளில் மட்டுமே இயங்கியது. லிஸ்ப், ஸ்கீம் ஆகியவற்றின் அடைப்புக்குறிகள் நிரலாளர் அல்லாத பொறியாளர்களுக்கு ஒத்துவரவில்லை. பைத்தான் அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது.

உரிமத்தின் மூன்று நிலைகள்

லூவாவின் முதல் பதிப்பு டெக்கிராஃபுக்குள் மட்டுமே பயன்பட்டது. 1994 சூலையில் வந்த 1.1 பதிப்பே பொதுமக்களுக்கு முதன்முதலில் வெளியிடப்பட்டது. கல்விப் பயன்பாட்டுக்கு அது இலவசம். வணிகப் பயன்பாட்டுக்குத் தனியாகப் பேசி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகக் குழு ஒன்று தன் உழைப்புக்குப் பலன் எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஏற்பாடு பயன் தரவில்லை. சிலர் விசாரித்தனர், ஒரு வணிக உடன்பாடுகூடக் கையெழுத்தாகவில்லை.

டிசிஎல் போன்ற மொழிகள் எந்தத் தடையும் இன்றிக் கிடைக்கும்போது, விலை பேசி வாங்க வேண்டிய மொழியை எவரும் நாடவில்லை. இன்னொரு விளைவையும் ஆசிரியர்கள் உணர்ந்தனர். பல்கலைக்கழகத்தில் தொடங்கும் ஆய்வு சில ஆண்டுகளில் சந்தைக்குப் போகக்கூடும். அப்போது சிக்கல் வரும் என்று தெரிந்தால், ஆய்வாளர்களும் தொடக்கத்திலேயே அம்மொழியைத் தவிர்ப்பார்கள். வணிகத்துக்கு இட்ட தடை கல்விக்கும் தடையாகிவிடும்.

ஆகவே 1995 பிப்ரவரியில் வந்த 2.1 பதிப்பு எல்லாப் பயன்பாட்டுக்கும் கட்டற்றதாக வெளியிடப்பட்டது. இது இரண்டாம் நிலை. ஆனால் ஆசிரியர்கள் வேறொரு தவறு செய்தனர். ஏற்கெனவே இருந்த உரிமங்களிலிருந்து சில வரிகளை எடுத்து, சற்று மாற்றி, தாங்களே ஓர் உரிம வாசகத்தை எழுதினர். அது தாராளமானது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. படிப்பவர்களுக்கு ஐயம் இருந்தது. குறிப்பாக, ஜிபிஎல் உரிமத்தில் உள்ள மென்பொருளோடு லூவாவை இணைக்கலாமா என்ற கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்தது.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2002 மே மாதத்தில் மூன்றாம் நிலை தீர்மானிக்கப்பட்டது. அடுத்து வரும் 5.0 பதிப்பிலிருந்து லூவா எம்ஐடி உரிமத்தின் கீழ் வெளிவரும் என அறிவித்தனர். அதே ஆண்டு சூலையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை லூவாவின் பழைய உரிமமும் ஜிபிஎல் உரிமத்தோடு பொருந்தக்கூடியதே என உறுதி செய்தது. அதாவது சட்டப்படி பழைய உரிமத்தில் குறை இல்லை. ஆனாலும் ஆசிரியர்கள் முடிவை மாற்றவில்லை. 2003 ஏப்ரலில் 5.0 பதிப்பு எம்ஐடி உரிமத்தோடு வந்தது. அதன்பின் உரிமம் பற்றிய கேள்விகள் ஏறக்குறைய நின்றுபோயின என்று ஆசிரியர்களே பின்னர் எழுதினர்.

உரிமத்தின் உள்ளடக்கம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. படிப்பவர் அதை முன்பே அறிந்திருக்க வேண்டும். பலரும் பயன்படுத்தும் ஓர் உரிமத்தை ஏற்கெனவே வழக்கறிஞர்கள் ஆராய்ந்திருப்பார்கள். புதிதாக எழுதிய உரிமத்தை ஒவ்வொரு நிறுவனமும் முதலிலிருந்து ஆராய வேண்டும். பெரும்பாலானோர் அந்தச் செலவைச் செய்யாமல் வேறு மொழிக்குப் போய்விடுவார்கள்.

பைத்தானும் ரூபியும் கண்ட அனுபவம்

இந்தச் சிக்கல் லூவாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2000ஆம் ஆண்டில் பைத்தான் 1.6 பதிப்பு, அதன் ஆசிரியர் கைடோ வான் ரோசம் அதுவரை பணியாற்றிய சிஎன்ஆர்ஐ நிறுவனத்தின் உரிமத்தோடு வெளியானது. அந்நிறுவனம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருந்தது. உரிமம் அம்மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியால் அவ்வுரிமம் ஜிபிஎல்லோடு பொருந்தாது என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கருதியது. 2001இல் வந்த 2.0.1, 2.1.1 பதிப்புகளில்தான் அது சரிசெய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இடம்பெற்றுள்ள இம்மொழியும், ஒரே ஒரு வரியால் ஓராண்டு சிக்கலில் இருந்தது.

ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ உருவாக்கிய ரூபி மொழி, தனக்கென எழுதிய ஓர் உரிமத்தையும் பொதுவான இன்னோர் உரிமத்தையும் சேர்த்து இரட்டை உரிமத்தில் வெளிவருகிறது. மின்னணுச் சாதனங்களுக்குள் உட்பொதிப்பதற்காக அவரே எம்ரூபி என்ற சிறு வடிவத்தை உருவாக்கி 2012இல் வெளியிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ரூபியின் உரிமத்தை அன்று, எம்ஐடி உரிமத்தை. லூவா பத்தாண்டுகளுக்கு முன் அடைந்த அதே இடத்துக்கு எம்ரூபி முதல் நாளிலேயே வந்து சேர்ந்தது.

எல்லோரும் இவ்வழியில் செல்லவில்லை. குனு திட்டம் தன் மென்பொருள்களுக்காக உருவாக்கிய கைல் என்ற உட்பொதி மொழி எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. கட்டற்ற மென்பொருளின் உரிமை அறுந்துவிடாமல் தொடர வேண்டும் என்ற நோக்கத்துக்கு அது பொருந்துகிறது.

உரிமம் திறந்த கதவுகள்

1997 சனவரியில் அமெரிக்காவின் லூகாஸ்ஆர்ட்ஸ் விளையாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் மோகிலெஃப்ஸ்கி, லூவாவைப் பற்றி ஒரு கணினி இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு அதன் ஆசிரியர்களுக்கு எழுதினார். தங்கள் நிறுவனத்தின் சொந்த ஸ்கிரிப்ட் மொழிக்குப் பதிலாக லூவாவைப் பயன்படுத்த அவர் விரும்பினார். 1998இல் வெளியான கிரிம் ஃபாண்டாங்கோ என்ற விளையாட்டு அவ்வாறே உருவானது. 1994ஆம் ஆண்டு உரிமம் தொடர்ந்திருந்தால் இது வணிகப் பயன்பாடு. பேச்சுவார்த்தையில் தொடங்கியிருக்க வேண்டும். விளையாட்டுத் துறையில் லூவா பரவ இதுவே தொடக்கமாயிற்று. 2004இல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் பயனர்கள் துணை நிரல்களை லூவாவிலேயே எழுதினர்.

விலைக்கு விற்கும் மென்பொருளான அடோபி லைட்ரூம் ஒருபுறமும், கட்டற்ற மென்பொருளான விஎல்சி, வயர்ஷார்க் ஆகியவை மறுபுறமும் இதே மொழியைத் தமக்குள் வைத்துள்ளன. நூல் அச்சுக்கோப்பில் பயன்படும் லூவாடெக் என்ற மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. அதற்குள் எம்ஐடி உரிமத்தில் லூவா உள்ளது. எழுத்துருக்களை முறையாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரலகம் அதில் சேர்க்கப்பட்ட பிறகு, கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழை அச்சுக்கோக்க அது உதவுகிறது.

புரவலர் மென்பொருளின் உரிமம் மாறினாலும் உள்ளிருக்கும் மொழிக்குப் பாதிப்பில்லை என்பதற்கு ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருள் சான்று. 2012இல் அது லூவாவை உட்பொதித்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் தன் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டுக் கட்டுப்பாடு மிகுந்த உரிமங்களுக்கு மாறியது. உடனே பலர் ஒன்றுசேர்ந்து பழைய உரிமத்திலேயே வால்கீ என்ற கிளையைத் தொடங்கினர். இரண்டு மென்பொருள்களும் பிரிந்தன. இரண்டுக்குள்ளும் லூவா அப்படியே இருந்தது.

தளர்வான உரிமத்துக்கு ஒரு விலையும் உண்டு. எடுத்து மேம்படுத்துபவர் மேம்பாட்டைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் லூவா 5.1 பதிப்பை எடுத்து லுவாவு என்ற தன் வடிவத்தை வளர்த்தது. 2021 நவம்பரில் அதை எம்ஐடி உரிமத்தில் பொதுவில் வைத்தது. அது அந்நிறுவனத்தின் விருப்பம். தராமலே இருந்திருந்தாலும் உரிமத்தை மீறியதாகாது. ஜிபிஎல் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டும் இந்தக் குறையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

விக்கிப்பீடியாவின் தேர்வு

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. அதில் ஒரே அமைப்பைப் பல பக்கங்களில் பயன்படுத்த வார்ப்புரு என்ற வசதி உண்டு. 2006இல் வார்ப்புருக்களில் நிபந்தனைகளை எழுதும் வசதி சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டு பயனர்கள் மிகப் பெரிய கணக்குகளையும் அடுக்கடுக்கான நெளிவு அடைப்புக்குறிகளால் எழுதத் தொடங்கினர். அவை படிக்கக் கடினமாயின. மேற்கோள்கள் மிகுந்த பக்கங்கள் திறக்கப் பல விநாடிகள் ஆயின.

இதற்கு மாற்றாக உண்மையான நிரல்மொழி ஒன்றை உட்பொதிக்க வேண்டும் என்ற முடிவு எட்டப்பட்டபோது, லூவாவும் ஜாவாஸ்கிரிப்டும் முக்கியமாகப் பேசப்பட்டன. இரண்டுக்கும் பொருத்தமான திறமூல உரிமத்தில் செயலிகள் கிடைத்தன. ஆகவே உரிமம் இங்கே வாசற்படியாக மட்டுமே இருந்தது. உள்ளே போன பிறகு தீர்மானித்தவை வேறு. உலகில் எவரும் எழுதும் நிரல் விக்கிமீடியாவின் வழங்கிகளில் ஓடப்போகிறது. ஒருவர் முடிவில்லாமல் சுழலும் நிரலை எழுதிவிட்டால் அதை நிறுத்தத் தெரிந்த மொழி வேண்டும். சிறியதும், நேரத்துக்கும் நினைவகத்துக்கும் எளிதில் வரம்பு விதிக்கத்தக்கதுமான லூவா தேர்ந்தெடுக்கப்பட்டது. டிம் ஸ்டார்லிங், விக்டர் வாசிலியெவ் ஆகியோர் உருவாக்கிய ஸ்கிரிபுண்டோ என்ற நீட்சியின் வழியாக 2013 மார்ச்சில் தமிழ் உள்ளிட்ட எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் இது வந்தது. ஸ்கிரிபுண்டோ என்பது, அவர்கள் எழுதுவார்களாக என்று பொருள்படும் இலத்தீன் சொல்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இதனால் கிடைத்த நன்மை பெரிது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதிய நிரலைத் தமிழுக்குக் கொண்டுவந்து, மாதப் பெயர்களையும் அறிவிப்பு வாசகங்களையும் தமிழாக்கினால் போதும். அந்த நிரல்கள், கட்டுரைகளைப் போலவே, கிரியேட்டிவ் காமன்ஸின் குறிப்பிடுதல், அதேமாதிரிப் பகிர்தல் உரிமத்தின் கீழ் உள்ளன. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று குறிப்பிட வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. ஆக, பட்டாபிராம் போன்ற ஓர் ஊரின் பக்கம் திரையில் தோன்றும்போது அதன் பின்னால் மூன்று உரிமங்கள் செயல்படுகின்றன: மென்பொருளுக்கு ஜிபிஎல், அதன் உள்ளே அமர்ந்த மொழிக்கு எம்ஐடி, அம்மொழியில் பயனர்கள் எழுதிய நிரலுக்கும் கட்டுரைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ். ஒன்றோடொன்று மோதாதவாறு அவை அமைந்திருப்பதால் வாசகர் அவற்றை உணர்வதே இல்லை.

தமிழ் எழுத்தும் லூவாவும்

உரிமம் பொருந்தினாலும் மொழி தமிழுக்குப் பொருந்துகிறதா என்பது தனிக் கேள்வி. லூவா சரங்களின் நீளத்தைப் பைட்டுகளில் கணக்கிடுகிறது. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும். ஒருங்குறிக் குறியீடுகள் 5. ஒவ்வொன்றும் 3 பைட்டு. நாம் எண்ணும் எழுத்துகளோ மூன்று. விக்கிப்பீடியாவின் ஸ்கிரிபுண்டோவில் ஒருங்குறிக்கென்று தனி நிரலகம் சேர்க்கப்பட்டுள்ளது. 2015இல் வந்த லூவா 5.3 பதிப்பிலும் அத்தகைய வசதி உண்டு. இரண்டும் 5 என்ற விடையைத் தரும். மூன்று என்ற விடையைப் பெற, மெய்யையும் உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து எண்ணும் நிரலைத் தமிழர்கள்தாம் எழுத வேண்டும்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கவும் இயல்பான லூவா இடம்தராது. ஆனால் 5.4 பதிப்பின் மூலநிரலில் ஆஸ்கி அல்லாத எழுத்துகளையும் பெயர்களில் ஏற்கும் ஓர் அமைப்பு உள்ளது. அதை இயக்கி மறுபடி தொகுத்தால் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். இப்படி மாற்றித் தொகுக்கவும், மாற்றியதைப் பள்ளிகளுக்கு வழங்கவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உரிமத்தின் பயன் இதுபோன்ற இடங்களில்தான் தெரியவரும்.

தமிழ் மென்பொருள்களில் உரிமத் தேர்வு

தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் உள்ளது. பதிப்பி, ஆனால், இல்லை, முடி போன்ற சொற்கள் அதன் கட்டளைகள். மாணவர் எழிலில் எழுதும் நிரல் மாணவருக்கே உரியது. எழிலின் உரிமம் அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எழிலின் செயலியையே ஒரு நிறுவனம் தன் கற்பித்தல் செயலிக்குள் உட்பொதித்து விநியோகித்தால், அந்த முழுச் செயலியின் மூலநிரலையும் திறந்து தர வேண்டும். எழிலைத் தனி மொழியாகக் கற்பிக்க விரும்புபவருக்கு இது தடையன்று, பாதுகாப்பு. உட்பொதிக்க விரும்புபவருக்கோ முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

எழிலோடு தொடர்புடைய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகம் எம்ஐடி உரிமத்தில் வெளிவருகிறது. தமிழ்ச் சொல்லை எழுத்துகளாகப் பிரிப்பது, அகரவரிசைப்படுத்துவது போன்ற பணிகளை அது செய்கிறது. முன்னர் சொன்ன மூன்று என்ற விடை அதில் கிடைக்கும். நிரலகம் என்பது பிற மென்பொருள்களுக்குள் செல்வதற்கென்றே இருப்பது. தளர்வான உரிமத்தால் அது திறந்த மென்பொருளுக்குள்ளும் மூடிய மென்பொருளுக்குள்ளும் தடையின்றிச் செல்ல முடிகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால், எந்த உரிமம் உயர்ந்தது என்ற கேள்விக்குப் பொது விடை இல்லை என்பது விளங்கும். படைப்பு எங்கே போய் அமரப்போகிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. முதலில் தன் மென்பொருளை எந்த உரிமத்தில் வெளியிடப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே உள்ளே வைக்கும் மொழியைத் தேட வேண்டும். மொழியின் உரிமத்தோடு, அதனுடன் சேர்ந்து வரும் நிரலகங்களின் உரிமங்களையும் தனித்தனியே படிக்க வேண்டும். சிலிஸ்ப் சிக்கியது ஒரு துணை நிரலகத்தால்தான். பதிப்புக்குப் பதிப்பு உரிமம் மாறக்கூடும் என்பதால், பயன்படுத்தும் பதிப்போடு வந்த உரிமக் கோப்பையே பார்க்க வேண்டும். எம்ஐடி போன்ற தளர்வான உரிமத்திலும் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்ப்பது கடமை; பலர் மறப்பது இதைத்தான். தாமே ஒரு மொழியையோ நிரலகத்தையோ வெளியிடுபவர்கள் சொந்தமாக உரிமம் எழுதாமல், அறியப்பட்ட உரிமம் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மென்பொருள் வேலைக்காக ரயிலேறி நகரத்தின் மறுகோடிக்குச் சென்று வந்த ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர்ப் பகுதி இளைஞர்களுக்கு, மென்பொருளை உருவாக்கும் இடமும் அருகில் வந்துள்ளது. புதிதாக ஒரு செயலியைத் தொடங்கும் சிறு குழுவுக்கு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் வசதி இருக்காது. லூவாவை உருவாக்கிய மூவருக்கும் 1994இல் அது இருக்கவில்லை. தங்கள் உரிமத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர அவர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. இன்று தொடங்குபவர் அந்த உரிமக் கோப்பைத் திறந்து படித்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும்.